பொள்ளாச்சியில் ஆட்டுக்குட்டியோடு வந்திருந்த அம்மாவுக்கு

அம்மா, போன திங்கட்கிழமை கால்நடை மருந்தக வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தது நான்தான். கூடைக்குள் இருந்தது எங்கள் செவலைக் கோழி. மூன்று நாளாகக் கம்பு, சோறு எதையும் தொடவில்லை. மூலையில் கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தது. டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே வந்து அதன் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தீர்கள். "ராத்திரி தின்னது காலைல இரைப்பைல இருக்கக்கூடாது கண்ணு. இது கல்லாட்டம் இருக்குது. நாரு கீரு தின்னுச்சா?" என்றீர்கள். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் கிடந்த தேங்காய் நார் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டே விரலால் அந்தக் கட்டியை மெதுவாக அமுக்கிவிட்டீர்கள். "தலைகீழா மட்டும் புடிச்சிராத, மூச்சுக்குழல்ல ஏறிரும்" என்று இரண்டு முறை சொன்னீர்கள். டாக்டர் வந்ததும் உங்கள் முறையையும் எங்களுக்கே விட்டுக்கொடுத்தீர்கள்.

டாக்டரும் நார் அடைப்பு என்றுதான் சொன்னார். மருந்து கொடுத்தார். புதன்கிழமை காலை இரைப்பை வற்றியிருந்தது. குழைந்த சோறு ஒரு பிடி தின்றது. இன்று குப்பையைக் கிளற ஆரம்பித்துவிட்டது. நாரையெல்லாம் அள்ளிவிட்டேன், அம்மா.

அவசரத்தில் உங்கள் ஊரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி. உங்கள் குட்டிக்குக் கால் வீக்கம் வடிந்ததா?