சொன்ன நாற்காலி

அன்புள்ள பாப்பா,

போனில் கேட்டால் நீ ஒரு கிண்டலை அடித்துப் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆபீஸில் தருவதாகச் சொன்ன பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சில மாதங்களிலேயே பழைய ஆளைத் திரும்ப உட்கார வைத்தால் யாருக்கும் கோபம் வரும். வரட்டும். ஆனால் இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினால்கூட உன் வாயிலிருந்து கசப்புதான் வருகிறது.

நீ எனக்குப் பழக்கிவிட்ட ஆளை வைத்தே சொல்கிறேன். கோனன் ஓ'பிரையன், அந்த அமெரிக்க டிவி நகைச்சுவைக்காரர். அங்கே வந்திருந்தபோது நீயும் மாப்பிள்ளையும் போட்டுக் காட்டிய வீடியோக்களை இப்போது நானே தேடிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு மட்டும் அவருடைய செம்பட்டை முடியைத் தாண்டி எதுவும் சிரிப்பாக இல்லை.

உங்கள் பாஸ்டன் பக்கத்து ஆள்தான், புரூக்லைன். அப்பா டாக்டர், அம்மா வக்கீல், வீட்டில் ஆறு பிள்ளைகள். ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்துவிட்டு நகைச்சுவை எழுதப் போனவர். நம் வீட்டில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீ கேட்பாய். விடு, அது வேறு கதை.

'சாட்டர்டே நைட் லைவ்', 'சிம்ப்சன்ஸ்' என்ற காமெடி நிகழ்ச்சிகளுக்குத் திரைக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்தவரை 1993-ல் என்பிசி சேனல், தன் பின்னிரவு அரட்டை நிகழ்ச்சியில் டேவிட் லெட்டர்மேன் விட்டுப்போன இடத்தில் உட்கார வைத்தது. கேமரா முன்னால் பெரிதாக அனுபவம் கிடையாது. விமர்சகர்கள் கிழித்தார்கள். என்பிசி 13 வாரம், 13 வாரமாகத்தான் ஒப்பந்தத்தை நீட்டித்தது. அந்த நிலையில் தொடங்கி அங்கேயே 16 வருஷம் ஓட்டினார்.

அப்புறம்தான் உன் கதை. அதே சேனலில் ஜானி கார்சன் முப்பது வருஷம் நடத்திய பெரிய இரவு நிகழ்ச்சியான 'டுநைட் ஷோ' இவருக்குத்தான் என்று 2004-லேயே அறிவித்தார்கள். ஐந்து வருஷம் காத்திருந்து 2009 ஜூனில் போய் உட்கார்ந்தார். ஆனால் அதுவரை அதை நடத்திய பழைய ஆள் ஜே லெனோ எங்கும் போகவில்லை, அதே சேனலில் இரவு பத்து மணிக்கு வந்தார். இரண்டு நிகழ்ச்சிக்கும் பார்வையாளர் குறைந்தார்கள். அடுத்த ஜனவரியில் லெனோவை 11.35-க்குக் கொண்டுவந்து, 'டுநைட் ஷோ'வை நள்ளிரவு 12.05-க்குத் தள்ளப் பார்த்தார்கள். கோனன் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதி மறுத்தார். நள்ளிரவு தாண்டித் தொடங்குவது 'டுநைட் ஷோ'வே இல்லை, அதைக் கெடுக்க நான் துணை போகமாட்டேன் என்றார். ஏழே மாதம், முடிந்தது.

கடைசி நாள் மேடையில் இளைஞர்களைப் பார்த்து, கசந்து போகாதீர்கள், அது எனக்குப் பிடிக்காத குணம், அதனால் ஒன்றும் விளையாது என்றார். கடுமையாக உழைத்து, அன்பாகவும் இருந்தால் அற்புதங்கள் நடக்கும் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பாதியை நான் அப்படியே நம்பவில்லை. சேனலிடம் பல கோடி டாலர் இழப்பீடு வாங்கிக்கொண்டு போகிறவர் சொல்வது சுலபம். உழைத்து, அன்பாக இருந்து, ஒன்றும் நடக்காதவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் முனிவரும் இல்லை. அந்தக் கடைசி நாட்களில் தினமும் மேடையிலேயே என்பிசியை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒப்பந்தப்படி சில மாதம் டிவியில் தலைகாட்டக் கூடாது என்பதால், தாடி வளர்த்துக்கொண்டு ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தினார். அந்தப் பயணத்தைப் பற்றிய ஆவணப்படத்தில் மனிதர் எரிந்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் அந்த எரிச்சலிலும் வேலை நடந்தது. 2010 நவம்பரில் டிபிஎஸ் என்ற கேபிள் சேனலில் புது நிகழ்ச்சி, அது 2021 வரை. நடுவில் கியூபா, கொரியா, ஹைத்தி என்று போய்ப் படம் பிடித்தார். எங்கே போனாலும் கேலிக்கு ஆளாவது உள்ளூர்க்காரர் இல்லை, இந்த நெட்டைக் கோனன்தான். 2018-ல் பாட்காஸ்ட், 2025-ல் ஆஸ்கர் விழாவைத் தொகுத்து வழங்கும் மேடை. அந்த மேடைக்கு மூன்று மாதம் முன்புதான், சில நாள் இடைவெளியில் அப்பா, அம்மா இரண்டு பேரையும் இழந்திருந்தார்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. 2007-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நிகழ்ச்சி நின்றபோது, தன் ஊழியர்களின் சம்பளத்தைக் கைக்காசில் கொடுத்தார். என்பிசியை விட்டுப் போகும்போதும் தன்னை நம்பி நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த ஊழியர்களுக்காகப் பேரம் பேசினார். அவர்களுக்கென்றே 1.2 கோடி டாலர் ஒதுக்கியதாக அப்போது செய்தி வந்தது. மேடைப் பேச்சைவிட நான் இதைத்தான் நம்புகிறேன்.

நீ ராஜினாமா மெயில் எழுதி வைத்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். போவதென்றால் போ, தடுக்கமாட்டேன். உன்னை நம்பி வேறு டீமிலிருந்து வந்தார்களே இரண்டு பிள்ளைகள், அவர்களை எங்கே சேர்ப்பது என்று அந்த மெயிலில் ஏதாவது எழுதியிருக்கிறாயா? இல்லையென்றால் ஒரு பாரா சேர்த்துவிட்டு எனக்கு அனுப்பு. உன் மேனேஜரைப் பற்றிய நக்கல் வரிகளை வேண்டுமானால் நானும் அம்மாவும் மட்டும் படித்துச் சிரித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அப்பா