மலரின் படிப்பும் காலாங் களிமண்ணும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மலர் ஜியாலஜியில், அதாவது நிலவியல் படிப்பில், சேரப் போகிறாள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "கல்லைப் படித்து என்ன ஆகப் போகிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்களாமே. இந்த வேலையில்தான் என் காலமே ஓடுகிறது, அதனால் நானே பதில் சொல்கிறேன்.

இப்போது இங்கே சிங்கப்பூரில் காலாங் பக்கம் ஒரு சைட். கட்டடம் எழும்புமுன் துளை போட்டு மண் எடுத்துப் பார்ப்போம். மேலே நிரப்பிய மண். அடுத்து சாம்பல் நிறக் களிமண். விரலை வைத்தால் குழியும், நடுநடுவே சிப்பித் துண்டுகள் தட்டுப்படும். மரைன் கிளே என்போம். கடலடியில் படிந்தது. இன்னும் கீழே போனால் சட்டென்று சிவப்பும் மஞ்சளுமாய், இறுகிப்போன மண். அதைத் தாண்டினால் மறுபடியும் அதே சாம்பல் களிமண்.

அந்தச் சிவப்பில்தான் விஷயமே இருக்கிறது. கடலடிக் களிமண் வெளியே வந்து, வெயிலில் காய்ந்து, அதிலுள்ள இரும்பு துருவேறினால்தான் அந்த நிறம் வரும். ஆக, கடல் வந்திருக்கிறது, பின்வாங்கியிருக்கிறது, திரும்பவும் வந்திருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இங்கிருந்து சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் தரைவழியாகவே போகலாம்! அப்புறம் பனி உருகியது. மரீனா சவுத்தில் துளையிட்டு எடுத்த மண்ணையும் அதில் புதைந்திருந்த சதுப்புநிலப் படிவையும் வைத்து, 9,500 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்புவரை கடல் சுமார் 20 மீட்டர் ஏறியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கடல் எவ்வளவு வேகமாக ஏறும் என்பது இந்தத் தீவுக்கு உயிர்ப் பிரச்சினை. கரையைக் காக்க நூறு ஆண்டுகளில் 10,000 கோடி சிங்கப்பூர் டாலர் வரை தேவைப்படலாம் என்று 2019-ல் அன்றைய பிரதமரே சொன்னார். மலர் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்.

இங்குள்ள புக்கிட் தீமா குன்றின் கருங்கல் பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறி உருவானது. அது தன் வயதைச் சொல்லும், ஆழத்தில் இருந்த வெப்பத்தைச் சொல்லும். ஆனால் அன்று மேலே மழை பெய்ததா, ஆறு எந்தப் பக்கம் ஓடியது, எந்த உயிர் வாழ்ந்தது என்பதை மணலும் சேறும் படிந்து இறுகிய படிவுப் பாறையில்தான் தேட வேண்டும். லாப்ரடார் கடற்கரைக் குன்றில் மணற்கல்லும் களிக்கல்லும் மாறி மாறித் தெரியும். எல்லாம் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட மணலும் சேறும். முழுக் கதையும் கிடைக்காது என்பதும் உண்மை. படிந்ததில் பாதி பிற்பாடு அரித்துப் போயிருக்கும்.

உங்கள் அரியலூருக்கு என்ன குறை? சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் அங்கே கிடந்த கடலின் சிப்பி ஓடுகள் சேர்ந்து இறுகியது. சுருண்ட ஓட்டோடு கல்லாகிக் கிடைக்கிறதே அம்மோனைட் என்ற கடல் உயிரி, அந்த இனம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்தது.

பரிசோதனை முடிந்த மண்ணை இங்கே அப்படியே கொட்டிவிடுவார்கள். அதிலிருக்கும் கதையும் அதோடு போய்விடுமே என்று எனக்கு மனசே கேட்காது. அதனால் மலருக்கு ஒன்று சொல்லிவை: உங்கள் பக்கத்துக் காரை கிராமத்துக்குப் போனால் அம்மோனைட்டைப் பெயர்த்து எடுக்காமல், எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். அடுக்கு தெரியாவிட்டால் அது வெறும் அழகான கல்தான்.

தங்கச்சியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கல்லூரி எப்போது திறக்கிறது என்று எழுது. புத்தகச் செலவு என்னுடையது, மறுக்காதே.

அன்புடன்,
முருகேசன்
சிங்கப்பூர்