பெயர்ப்பட்டியலுக்குக் கடவுச்சொல் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தொடக்கநிலை 4 படிக்கும் என் மகள், தமிழ்மொழி விழாவையொட்டி ஏப்ரலில் நடந்த ஒரு கதை சொல்லும் போட்டியில் கலந்துகொண்டாள். ஜூன் விடுமுறையில் அந்தப் போட்டியின் படங்களைப் பார்க்கலாமே என்று கூகலில் தேடினேன். மூன்றாவதாக வந்தது, ‘பங்கேற்பாளர் தொலைபேசிப் பட்டியல்’. கீழே விவரம் ஒன்றும் இல்லை. அழுத்தியதும் பிள்ளைகளின் பெயர், பள்ளி, வகுப்பு, பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் வரிசையாக வந்தன. பதினேழாவது வரியில் என் மகள். கை நடுங்கிவிட்டது.

போட்டியை நடத்திய அமைப்பின் இணையத்தளத்தைக் கவனிக்கும் தொண்டூழியரை அழைத்தேன். பதறிப்போனார். “அக்கா, அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு ரோபாட்ஸ் கோப்பில் எழுதி வெச்சிருக்கேனே” என்றார். பார்த்தேன், ‘டிஸ்அலோ’, அதாவது ‘உள்ளே வராதே’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். பட்டியலை அன்றிரவே எடுத்தும் விட்டார்.

இணையத்தளப் பராமரிப்புதான் எனக்குத் தொழில். அதனால் இதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். ‘ரோபாட்ஸ் டெக்ஸ்ட்’ என்ற அந்தக் கோப்பு, தேடுபொறிகளின் கிராலர்களுக்கு, அதாவது இணையப் பக்கங்களைத் தானாகப் படித்துவரும் நிரல்களுக்கு, நாம் வைக்கும் வேண்டுகோள். 1994ல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்த முறை அது. 2022ல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தரமாக வெளியானபோது, இது அனுமதிக் கட்டுப்பாடு ஆகாது என்று அதன் முன்னுரையிலேயே எழுதிவிட்டார்கள். கூகல் சொன்னபடி கேட்டது, பக்கத்தைத் திறக்கவில்லை. ஆனால் அதே தளத்தின் அறிவிப்புப் பக்கத்தில் பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருந்தது. அதிலிருந்து முகவரியையும் தலைப்பையும் எடுத்துக் காட்டிவிட்டது. இன்னொன்று, அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒளிக்க நினைத்த இடத்தின் பெயரை நாமே அதில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

அப்புறமும் இரண்டு வாரம் அந்தத் தலைப்பு தேடலில் இருந்தது. ‘டிஸ்அலோ’ வரியை அவர் நீக்கவில்லை. உள்ளே போகத் தடை இருக்கும்போது, பக்கம் போய்விட்டது என்பது கூகலுக்கு எப்படித் தெரியும்? தேடலில் காட்ட வேண்டாம் என்று பக்கத்தில் ‘நோஇன்டெக்ஸ்’ குறிப்பு போடுபவர்களும் இங்கேதான் தவறுகிறார்கள். தடை இருந்தால் அந்தக் குறிப்பையும் கிராலர் படிக்காது. வரியை எடுத்த சில நாளில் தலைப்பு மறைந்தது.

அந்தத் தம்பி வேலைக்குப் போய்வந்து, இரவில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் இதைச் செய்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கையில் இருக்கும் தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பை அமைப்புகளுக்குத் தருகிறது சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிள்ளைகளின் விவரங்களைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வையுங்கள், இல்லையென்றால் இணையத்தில் ஏற்றவே வேண்டாம். அடுத்த ஏப்ரல் போட்டிகளுக்குப் பெயர் வாங்கத் தொடங்குமுன் நம் தமிழ் அமைப்புகள் ஒவ்வொன்றும் தங்கள் பழைய பட்டியல்களைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு தாய்,
ஈசூன்