வேலூர் கலர் மீன் கடைக்காரர்களுக்கு ஒரு தையல்காரியின் மடல்

கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

தொரப்பாடியில் வீட்டுத் திண்ணையிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறவள் நான். மீன் விற்கிற உங்களுக்கு மீனைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாளே என்று நினைக்க வேண்டாம். மீன் வளர்ப்பில் எனக்கு மூன்று வருடப் பழக்கம்தான். ஆனால் துணி எங்கே மாட்டும், எப்படிக் கிழியும் என்பது இருபது வருடமாகத் தெரியும். இந்த மடலில் பெரும்பகுதி கிழிவதைப் பற்றித்தான்.

என் பெரியவன் ஏழாவது படிக்கும்போது ஃபைட்டர் மீன் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். பரீட்சை முடிந்த அன்று நம்மூர்க் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, எல்லாக் கடையிலும் நடக்கிறதுதான். பிளாஸ்டிக் டம்ளர்களில் ஆளுக்கொரு வீடாக வரிசையாக நின்றிருந்தன. அவன் தேர்ந்தெடுத்தது நீல உடம்பு, ஓரத்தில் மட்டும் சிவப்பு. வாலை விரித்தால் அரைவட்டமாக நிற்கும், ஹாஃப்மூன் என்றார்கள். என் கண்ணுக்கு அது கொசுவம் நிறைய வைத்துத் தைத்த ஷிஃபான் பாவாடை மாதிரி தெரிந்தது. அவ்வளவு மெலிசு. வெளிச்சத்தில் வைத்தால் நரம்பு நரம்பாக இழை தெரியும்.

மீனோடு தொட்டி. தொட்டியோடு அலங்காரம். ரோஸ் கலர் பிளாஸ்டிக் செடி ஒரு கொத்து, நீலமும் மஞ்சளுமாய்ச் சாயம் ஏற்றிய கல் ஒரு கிலோ, ஜன்னல் வைத்த கோட்டை பொம்மை ஒன்று. (கோட்டை ஊரில் இருந்துகொண்டு கோட்டை பொம்மைக்குக் காசு கொடுத்தவள் நானாகத்தான் இருப்பேன்.) பில் போட்டு முடித்ததும், "இது ஃப்ரீ அக்கா, எடுத்துட்டுப் போங்க" என்று சங்கும் சிப்பியும் போட்ட பை ஒன்றும் கையில் வந்தது. நல்ல மனசோடு கொடுத்தார், அதில் சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் வாலில் ஒரு கீறல். கத்தரிக்கோல் நுனியால் இழுத்தது போல, ஓரத்திலிருந்து உள்ளே அரை விரக்கடை. மறுநாள் இன்னும் இரண்டு. கடைக்குப் போய்க் கேட்டேன். "ஃபைட்டர்னா அப்படித்தான் அக்கா, தன் வாலைத் தானே கடிச்சிக்கும்." அப்படி ஒரு பழக்கம் அந்த மீனுக்கு இருப்பது உண்மைதான், பிறகு தெரிந்துகொண்டேன். பெரிய வால் பாரமாக இருந்தாலோ, கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனாலோ சில மீன்கள் கடித்துக்கொள்ளும். ஆனால் என் கைக்கு அது கடித்த கிழிசலாகத் தெரியவில்லை, மாட்டி இழுத்த கிழிசலாகத் தெரிந்தது. ஆணியில் புடவை மாட்டினால் வருமே, அந்தக் கிழிசல்.

வீட்டுக்கு வந்து அந்த ரோஸ் செடியை வெளியே எடுத்துத் துடைத்தேன். வெட்டித் துண்டு மூட்டையிலிருந்து ஒரு பழைய ஷிஃபான் துண்டை எடுத்து, இலைகளின் மேல் லேசாக வைத்து இழுத்தேன். மூன்று இடத்தில் மாட்டியது. ஒரு இடத்தில் இழையே வெளியே வந்துவிட்டது. விரலால் தடவினால்தான் தெரிகிறது: ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் பிசிறு, பிளேடு விளிம்பு மாதிரி. கண்ணுக்கு அது பூச்செடி. அந்த மீனுக்கு அது முள்வேலி. அன்றைக்கே தூக்கி எறிந்தேன்.

கிழிந்தது ஒட்டுமா என்று பையன் அழுதான். ஒட்டியது. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்தேன், இரண்டு நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை. கிழிந்த இடத்தில் முதலில் நிறமே இல்லாமல், கண்ணாடித் தாள் மாதிரி ஒரு புது ஓரம் வளர்ந்தது. நீலம் அதில் இறங்க வாரக்கணக்கு ஆயிற்று. தண்ணீர் அழுக்காக இருந்திருந்தால் அந்தக் கிழிசலில் பாக்டீரியா புகுந்து, வால் அழுகல் ஆரம்பித்திருக்கும். ஓரம் கறுத்து, உதிர்ந்து, உடம்பு வரை ஏறும் என்று சொல்கிறார்கள். நாங்கள் அதைப் பார்க்காமல் தப்பித்தோம்.

அதனால்தான் முதல் வேண்டுகோள் இது. உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஷிஃபான் துண்டோ நைலான் துப்பட்டாத் துண்டோ தொங்கவிடுங்கள். செடி, பாறை, பொம்மை எதுவானாலும் ஃபைட்டருக்கு என்று ஒருவர் கேட்டால், அவர் கண் முன்னாலேயே அதன் மேல் துணியை இழுத்துக் காட்டுங்கள். துணி வழுக்கிப் போனால் கொடுங்கள். மாட்டினால், "இது குட்டை வால் மீன் தொட்டிக்கு வாங்கிக்கங்க, ஃபைட்டருக்கு வேணாம்" என்று சொல்லுங்கள். அரை நிமிட வேலை. பருத்தித் துணி வேண்டாம், அது முரடு, சின்னப் பிசிறைக் காட்டிக் கொடுக்காது. துணியில் செய்த செடிகளும் உங்களிடம் வருகின்றன, அவை நல்லவை. ஆனால் அடித்தண்டில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, துருப்பிடிக்குமா என்று ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம் அந்தக் கோட்டை. ஜன்னல் ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் நாணயம் அளவு. ஃபைட்டர் துருவித் துருவிப் பார்க்கிற மீன், ஓட்டை இருந்தால் தலையை விட்டுப் பார்க்கும். தலை போகும், விரிந்த செட்டை போகாது, பின்னால் வரவும் முடியாது. மற்ற மீன் சிக்கினால் கொஞ்ச நேரமாவது தாக்குப் பிடிக்கும். இது செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீனில்லை. செவுளுக்கு மேலே தனியாக ஒரு உறுப்பு வைத்துக்கொண்டு, மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மேலே வர முடியாமல் ஜன்னலில் மாட்டினால் மூழ்கிச் செத்துவிடும். மீன் மூழ்கிச் செத்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. ஆகவே ஓட்டை இருந்தால் மீன் தாராளமாகத் திரும்பி வருகிற அளவு பெரிதாக இருக்கட்டும், அல்லது ஓட்டையே வேண்டாம். பூந்தொட்டி போடச் சொல்லித் தருகிறவர்களுக்கும் இதே சங்கதி: அடியில் தண்ணீர் வடிகிற துளையை அடைத்துவிட்டுப் போடுங்கள். சாயமோ மெருகோ இல்லாத வெறும் மண்சட்டியாக இருக்க வேண்டும். கரிகிரி மண்பாண்டம் அலமாரியில் வைக்க எவ்வளவு அழகு, ஆனால் பச்சையும் நீலமுமாய் மெருகு ஏற்றியதைத் தண்ணீருக்குள் ஊற வைக்க எனக்கு மனம் வராது.

கலர்க் கல்லைப் பற்றி நீட்ட வேண்டாம். நகத்தால் சுரண்டினால் சாயம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கைப்பிடியை வெள்ளை டப்பாவில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, தண்ணீர் நிறம் மாறினாலோ பெயிண்ட் வாடை அடித்தாலோ அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். பளபளப்புக்காகச் செம்பு, பித்தளைப் பொருள் எதையும் தொட்டியில் போடக் கூடாது, செம்பு மீனுக்கு விஷம். தொட்டிக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டித் தருகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எதிரி ஒருவன் எப்போதும் வீட்டுக்குள் நிற்பதாக நினைத்து அது நாளெல்லாம் செவுளை விரித்துக்கொண்டே கிடக்கும்.

இலவசமாகக் கிடைத்த சங்கு சிப்பிக்கு வருகிறேன். சிப்பி மேல் ஒரு சொட்டு எலுமிச்சம் சாறு விட்டால் நுரைக்கும், சுண்ணாம்புச் சத்து அது. தண்ணீரில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடினத்தையும், புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். அளவையும் ஏற்றும். நம்மூர் போர்த் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், சுடுதண்ணீர்க் குண்டானுக்குள் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சுரண்டாத வீடு உண்டா? தண்ணீர் இல்லாத ஆறு என்று பாலாற்றை வைத்து நம்மைக் கேலி செய்கிற ஊர்க்காரர்கள், இருக்கிற தண்ணீரும் உப்பு என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஃபைட்டர் கொஞ்சம் கடினத் தண்ணீரைப் பழகிக்கொள்ளும். ஏற்கெனவே ஏறிக் கிடக்கிறதை நாமும் ஏற்றுவானேன்? கல் வேண்டும் என்கிறவர்களுக்கு நம் மலைக் கருங்கல் இருக்கிறது. சாறு விட்டால் நுரைக்காது, முனை மழுங்கியதாகப் பார்த்து, கழுவி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம்.

அந்தப் பையில் வெள்ளையாக, கிளை கிளையாகப் பவளப்பாறைத் துண்டு ஒன்றும் இருந்தது. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி யானையோடு ஒன்றாக, 2001இல் சேர்க்கப்பட்டுவிட்டன. விற்றாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். இலவசம் என்று எங்களிடம் கொடுத்து எங்களையும் மாட்டி விடாதீர்கள். ரெசினில் அதே உருவத்தில் பொம்மை வருகிறது, துணி இழுத்துப் பார்த்து அதை விற்றுக்கொள்ளுங்கள்.

இதை வேண்டாம், அதை வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் எதைத்தான் விற்பீர்கள்? சொல்கிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு வாதாங்கொட்டை மரம் இருக்கிறது. பாதாம் மரம் என்றும் சொல்வார்கள். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். இலை பழுத்துச் சிவந்து, காய்ந்து, பழுப்பாக விழுகிறதே, அதைத்தான் வெளியூரில் பாக்கெட் போட்டு, ஆன்லைனில் ஃபைட்டர் மீனுக்கென்று விற்கிறார்கள். ஒரு இலையை நன்றாகக் கழுவி, வெந்நீரில் முக்கி எடுத்துத் தொட்டியில் போட்டேன். ஒரு நாள் மிதந்தது, பிறகு மெல்ல இறங்கி அடியில் படகு மாதிரி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் பால் ஊற்றாத டீ நிறத்துக்கு வந்தது. என் மாமியார் பதறிப் போய், "தண்ணி கெட்டுப் போச்சுடி" என்றார். கெடவில்லை. அது டானின் என்கிற துவர்ப்புச் சத்து. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்களே, பட்டையில் இருந்ததும் அதே இனச் சரக்குதான். (பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவு வேறு. அது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை.) இந்த இலைச் சாறு தண்ணீரைக் கொஞ்சம் புளிப்புப் பக்கம் இறக்கும். வெளிச்சத்தைக் குறைக்கும். மீன் அந்த இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாயந்தரம் நான் பொத்தான் கட்டும் நேரத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று நான்கு வாரத்தில் இலை சல்லடையாகிவிடும், எடுத்துவிட்டு வேறு போட வேண்டியதுதான்.

பச்சை இலையைப் பறிக்கக் கூடாது, மருந்து அடித்த தோட்டத்து மரமும், வண்டிப் புகை படிகிற மெயின் ரோட்டு மரமும் வேண்டாம். பத்து இலை ஒரு கட்டாகக் கட்டி, விலை வைத்து விற்றாலும் நான் வாங்குவேன். ஒன்று மட்டும்: சகல நோயும் தீரும் மருந்து என்று சொல்லி விற்காதீர்கள். இலை இலைதான்.

செடி என்றால் உயிருள்ள செடியே மேல். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் நம் கைக்குச் சாகாத செடிகள், பெரிய வெளிச்சம் கேட்பதில்லை. வாங்குகிறவரிடம், அந்தக் கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்காதீர்கள், அழுகிவிடும், கல்லோடு நூல் போட்டுக் கட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல ஆளில்லாமல் ஒரு செடியைப் புதைத்தே கொன்றேன். அகல இலை ஒன்று நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்தால் மீன் ராத்திரி அதன் மேல் படுத்துத் தூங்கும். பையன் முதல் தடவை பார்த்துவிட்டுச் செத்துவிட்டது என்று என்னை எழுப்பினான். ஆகாயத்தாமரையும் மிதக்க விடலாம், ஆனால் மேல்பரப்பு முழுக்க மூடிவிடக் கூடாது, காற்றுக் குடிக்க இடம் வேண்டுமே.

கொட்டாங்குச்சியும் உண்டு. நாரெல்லாம் சுரண்டி, இரண்டு தடவை கொதிக்க வைத்து, வாயை உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்தால் நல்ல குகை. என் வீட்டில் இப்போது இருப்பது அதுதான், ஒரு ஓரம் உடைத்து வாசல் வைத்திருக்கிறேன்.

உங்களில் ஒருவர் என்னிடம், "இது தாய்லாந்துல நெல்வயல் சேத்துல கெடக்குற மீன் அக்கா, ஜாடி போதும்" என்றார். தாய்லாந்து மீன் என்பது சரி. 2019இல் அந்த நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. நெல்வயல் என்பதும் சரி. ஆனால் வயல் ஆழம்தான் குறைவு, அகலத்துக்குக் குறைச்சலா? ஏரிப் பாசனம் பார்த்த ஜில்லாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்டும் இலையும் நிழலுமாக இருக்கிற இடம் அது. பதினைந்து இருபது லிட்டர் தொட்டி, மேலே ஒரு மூடி, உள்ளே கொஞ்சம் நிழல், இவ்வளவையும் கேட்டு வாங்குகிறவர்களுக்காவது மனசார எடுத்துக் கொடுங்கள். சித்திரை வெயிலில் ஜாடித் தண்ணீர் என்னவாகும் என்று வேலூரில் வாழ்கிற உங்களுக்குத் தெரியாதா?

வாங்க வருகிறவருக்கு மீன் புதுசு, அலங்காரம் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் அவருக்கு. அந்த நேரத்தில் கல்லாவில் நிற்கிற உங்கள் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையைத்தான் அவர் நம்பி எடுத்துக்கொண்டு போகிறார். நானும் அப்படித்தான் போனேன்.

ஷிஃபான் துண்டு என்னிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கடைக்கு ஒன்றாக, ஓரம் மடித்துத் தைத்து, தொங்கவிடக் காது வைத்துத் தருகிறேன். மாட்டி மாட்டி நைந்து போனால் வேறு கேளுங்கள், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தொரப்பாடி தையல்காரி