பெட்டியும் அம்பும்

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. போன வாரம் போனில், "பெட்டி பெட்டியா வரைஞ்சு அம்பு போடுறேம்மா, டேட்டா வந்தா அதுவா ஓடும், ரொம்பப் புதுசு" என்றாய். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் சொன்னால் கொட்டாவி விடுவார், அதனால் உனக்கே எழுதுகிறேன்.

டேட்டா வந்து சேர்ந்ததும் அதுவாக ஓடும் இந்த முறைக்கு டேட்டாஃப்ளோ என்று பெயர். புதுசெல்லாம் இல்லையடா. 1966லேயே பெர்ட் சதர்லண்ட் என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காக, திரையில் படமாகவே புரோகிராம் வரைந்து ஓட்டிக் காட்டினார். 1974ல் ஜாக் டென்னிஸ் அங்கேயே இதற்கென ஒரு மொழி வகுத்தார். வரிகள் எந்த வரிசையில் இருந்தால் என்ன? கூட்ட வேண்டிய இரண்டு எண்ணும் வந்து சேர்ந்தால் கூட்டல் நடந்துவிடும். ஒரு பெயருக்கு ஒரு தடவைதான் மதிப்பு. எக்ஸோடு ஒன்றைக் கூட்டி எக்ஸிலேயே போடுகிற பேச்சுக்கு இடமில்லை.

அப்படியானால் ஆயிரம் எண்கள் உள்ள அணியில் ஒன்றை மாற்ற, மொத்தத்தையும் நகலெடுப்பதா? இதற்கு வழி சொன்னவர் அர்விந்த். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்தவர், அமெரிக்கா போயும் ஒற்றைப் பெயரோடே இருந்தார். அணியின் ஒவ்வோர் அறையிலும் ஒரே முறை எழுதலாம். எழுதுவதற்குள் யாராவது படிக்க வந்தால் அந்த அறை வாசலிலேயே காத்திருக்க வேண்டியதுதான். மதிப்பு வந்ததும் வாங்கிக்கொண்டு போகலாம். எம்.இ. படிக்கையில் இதை நூலகத்தில் வாசித்துக்கொண்டிருந்து கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டேன்.

ஆனால் இதற்கென்று கட்டிய எந்திரங்கள் கடையில் பெரிதாக எடுபடவில்லை. 1981ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒன்று ஓடியது. ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் ஜோடியைத் தேட வேண்டும். கோயில் வாசலில் செருப்பு தேடுகிற கதைதான், நடப்பதைவிடத் தேடுவதற்கே நேரம் போகும். "செத்துப்போன யோசனை" என்றார் எங்கள் பேராசிரியர். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

1986ல், கருவிகளிலிருந்து அளவெடுக்கப் பெட்டிகளை ஒயரால் இணைத்துப் புரோகிராம் வரைகிற லேப்வியூ வந்தது. பாலிடெக்னிக்கில் என் மாணவர்கள் அதில் இழுத்த ஒயர்களைப் பார்த்தால் இடியாப்பச் சிக்கல், ஆனாலும் தெர்மாமீட்டர் கணக்கு சரியாக வரும். அதற்கும் முன்னால், 1979ல் விசிகால்க், எக்செல் மாதிரியான கட்டக் கணக்கு மென்பொருள். அது கட்டங்களை வரிசைப்படிதான் கணக்கிட்டது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடும் வழக்கத்தை 1983ல் அதே வகை மென்பொருளான லோட்டஸ் 1-2-3தான் பரவலாக்கியது. அப்பா எக்செலில் சீட்டுக் கணக்கு போடுகிறாரே, அவரும் உன் தொழில்தான் செய்கிறார். தெரிந்தால் சம்பளம் கேட்பார்!

2015ல் கூகுள் வெளியிட்ட, கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் (மெஷின் லேர்னிங்) மென்பொருளான டென்சர்ஃப்ளோவும் முதலில் கணக்கு முழுவதையும் பெட்டி-அம்புப் படமாகக் கட்டிவிட்டுப் பிறகு ஓட்டுகிற ஜாதிதான். பிழை தேடப் பலர் திண்டாடினார்கள். 2019ல் வந்த 2.0வில் வரிக்கு வரி ஓட்டுவதையே வழக்கமாக்கிவிட்டார்கள். உன் பெட்டிகளில் பிழை வந்தால் எந்த அம்பில் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? அதை எழுது.

அப்பாவின் தாளில் ஏதோ ஒரு கட்டம் தன் விடைக்குத் தன்னையே கேட்டுச் சுற்றுகிறதாம், எக்செல் திட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, மூன்று பேருமாகத் தேடுவோம்.

அன்புடன்,
அம்மா