பழைய கணினிக்கு உதிரிபாகம் வாங்குவோருக்கு முறையான ரசீது வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் 2014-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று உள்ளது. அனிமேஷன் படிக்கத் தொடங்கியிருக்கும் என் மகளுக்கு அதன் வேகம் போதவில்லை. புதுக் கணினி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லாததால், கணினியின் மூளையான பிராசசரையும், திரைப் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சென்ற மாதம், பெங்களூரில் கணினி உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. சாலைக்குப் போனேன். அங்கு எனக்கு நேர்ந்தது இனி வாங்கப்போகிறவர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கணினியில் இருப்பது எச்81 வகை மதர்போர்டு (பிராசசர் முதலிய பாகங்களைப் பொருத்தும் முதன்மைப் பலகை); அதில் இன்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறை ஐ3-4130 பிராசசர் இருந்தது. முதலில் போன கடையில், ஐ5 என்றால் எந்த போர்டிலும் உட்காரும், விண்டோஸ் 11-ம் ஓடும் என்று உறுதியாகச் சொல்லி, ஆறாம் தலைமுறை பிராசசர் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டுமே தவறு. பிராசசர் உட்காரும் சாக்கெட் தலைமுறைக்குத் தலைமுறை மாறலாம்: நான்காம் தலைமுறைக்கு உரியது 1150 சாக்கெட், ஆறாம் தலைமுறைக்கு உரியது 1151. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதும் இல்லை. பார்வைக்கு இரண்டு பிராசசர்களும் ஒரே அளவில் இருந்ததால், விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதைக் கவனிக்காமல் அழுத்திவிட்டேன். சாக்கெட்டில் மயிரிழை போல நிற்கும் ஊசிகளில் நான்கு வளைந்துவிட்டன. அல்சூரில் எங்கள் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவர், உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குண்டூசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கொடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் இல்லையென்றால் போர்டும் போயிருக்கும்.

பிராசசரைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, விற்ற பொருளை வாங்குவதில்லை என்றார்கள். என் கையில் இருந்ததோ தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. பொருளின் பெயரும் இல்லை, பழையது என்ற குறிப்பும் இல்லை, கடையின் பெயர்கூட இல்லை.

அதே சாலையில் அடுத்து நான் போன கடைக்காரர் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். பொருளைக் காட்டுவதற்கு முன்பே கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மீதுள்ள ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னார். 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஆனால் பிராசசரும் கார்டும் பெரும்பாலும் மின்சாரம் எடுக்கும் 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர்தான், அதாவது 192 வாட். ஐ7-4770 பிராசசருக்கு 84 வாட், ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கு 75 வாட் என்று கூட்டிக் காட்டி, இதற்கு மேல் போனால் இந்த எஸ்.எம்.பி.எஸ். தாங்காது என்றார். தனி மின்கம்பி கேட்காமல், போர்டிலுள்ள ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டாகப் பார்த்துத் தந்தார். இதைவிடப் புதிய ஆர்எக்ஸ் 6400 கார்டைப் பற்றிக் கேட்டதற்கு, அது போர்டுடன் தரவு பரிமாறும் தடங்களில் (லேன்) நான்கில் மட்டுமே இயங்குவது, எச்81 போன்ற பழைய போர்டில் போட்டால் வேகம் குறையும் என்று விளக்கினார். நான் வாங்கிய பிராசசர், கார்டு இரண்டும் செகண்ட் ஹேண்ட் என்பதை ரசீதில் எழுதி, என் கண்முன்னே பொருத்தி ஓட்டிக் காட்டினார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அதற்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளவும் யோசனை சொன்னார். இன்று என் மகள் அதில்தான் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளைப் பழகுகிறாள்.

ஒரு கடையில் இயல்வது மற்ற கடைகளில் ஏன் இயலாது? ரசீது தராமல் இருப்பதையும், பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே வகைப்படுத்துகிறது. ரசீதில் காலவரம்பு குறிப்பிடாவிட்டால், குறைபாடுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அதில் சேரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்பதே எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

எஸ்.பி. சாலை வணிகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வாடிக்கையாளரின் மதர்போர்டு மாடலைக் கேட்டறிந்து, அதையும் விற்கும் பொருளின் மாடலையும், அது புதியதா பழையதா என்பதையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். பொருந்தாவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தாருங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு – 8