ஸ்டெம் செல் எப்படித் தயாரானது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை (தாமும் பெருகி, வேறுவகைச் செல்களாகவும் மாறவல்ல மூலச் செல்களை) கொண்டு செய்யும் சிகிச்சை குறித்து வரும் செய்திகளில், செல்கள் 'ஆய்வகத்தில் பெருக்கப்பட்டு நோயாளிக்குச் செலுத்தப்பட்டன' என்ற ஒரு வரியோடு தயாரிப்பைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. செல் வளர்ப்புக் கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த ஒரு வரியில்தான் சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பதைத் தெரிவிக்க இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒரே மஜ்ஜையை இரண்டு கூடங்களிடம் கொடுத்தால், குணத்தில் வேறுபட்ட இரண்டு மருந்துகள் கிடைக்கக்கூடும்.

முதலில், மஜ்ஜையில் இருவகை ஸ்டெம் செல்கள் இருப்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ரத்தத்தை உண்டாக்கும் செல்கள் ஒருவகை. அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957-இல் முன்வைத்து, 1990-இல் நோபல் பரிசு பெறக் காரணமாயிருந்த மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இவற்றை நம்பியது. இவை வளர்ப்புக் குடுவையில் பெருகும்போது ஸ்டெம் செல்லுக்குரிய தன்மையை எளிதில் இழந்துவிடுவதால், பெரும்பாலும் பெருக்காமல், எண்ணிப் பார்த்து அப்படியே கொடுக்கிறார்கள். மற்றவை எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு செல்களாக மாறவல்ல மீசென்கைமல் செல்கள். மஜ்ஜையின் உட்கருவுள்ள செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று முதல் லட்சத்துக்கு ஒன்று வரையே இவை இருப்பதால், பெருக்காமல் மருந்தாக்க வழியில்லை.

பெருக்குவது என்றால் எவ்வளவு? கிலோவுக்கு 20 லட்சம் செல்கள் என்ற கணக்கில், 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு தவணைக்கே 14 கோடி செல்கள் வேண்டும். பத்தாயிரம் செல்களில் தொடங்கினால் அவை ஏறக்குறைய 14 முறை இரட்டிக்க வேண்டும். ஒரு கொடையாளரின் மஜ்ஜையிலிருந்து பல நோயாளிகளுக்கு மருந்து செய்ய நினைத்தால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறும். குடுவை நிரம்பியதும் செல்களைப் பிரித்தெடுத்துப் புதிய குடுவைகளில் இடும் ஒவ்வொரு சுற்றையும் நாங்கள் 'பாசேஜ்' என்போம். தொடக்கச் சுற்றுகளில் மெலிந்து நீண்டு ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும் செல்கள், சுற்றுகள் கூடக்கூட அகன்று தட்டையாகி, பிரிவதை நிறுத்திவிடுகின்றன. அவை மூப்படைந்துவிட்டன என்பதை நுண்ணோக்கியில் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும்; அறிக்கையில் உள்ள மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

செல்களுக்கு ஊட்டும் உணவும் அவற்றை மாற்றுகிறது. நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் கன்றுக்கருவின் சீரம் தொகுதிக்குத் தொகுதி வேறுபடுவதோடு, விலங்குப் புரதங்களையும் கொண்டுவருகிறது. அதற்கு மாற்றாக மனித ரத்தத் தட்டணுக்களிலிருந்து எடுக்கப்படும் சாற்றைப் பல கூடங்கள் பயன்படுத்துகின்றன. அதுவும் கொடையாளர்களைப் பொறுத்து மாறக்கூடியதே.

இச்செல்களை அடையாளம் காண 2006-இல் சர்வதேசச் செல் சிகிச்சைச் சங்கம் குறைந்தபட்ச அளவுகோல்களை வகுத்தது. பிளாஸ்டிக் பரப்பில் ஒட்டி வளர வேண்டும். செல்லின் மேற்பரப்பில் அடையாளமாக நிற்கும் சிடி73, சிடி90, சிடி105 ஆகிய புரதக் குறியீடுகள் 95 விழுக்காட்டுக்குக் குறையாத செல்களில் இருக்க வேண்டும். எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு செல்களாக மாற வல்லவையாக இருக்க வேண்டும். இந்த அளவுகோல்கள் எந்த வகைச் செல் என்பதைச் சொல்லுமே தவிர, நோயாளியின் உடலில் வேலை செய்யுமா என்பதைச் சொல்லமாட்டா. அதற்கு வீரியச் சோதனை வேண்டும். இத்துறையின் ஆகக் கடினமான பகுதி அதுவே என்பது என் கருத்து. மஜ்ஜை மாற்றுக்குப் பின் கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்குவதால் குழந்தைகளுக்கு வரும் கடும் எதிர்வினைக்கான, மீசென்கைமல் செல்களால் ஆன ரெமெஸ்டெம்செல் மருந்துக்கு, ஆலோசனைக் குழு ஆதரவாக வாக்களித்த பிறகும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் ஒப்புதல் தரவில்லை. மருந்தின் அளவிடத்தக்க பண்புகளுக்கும் நோயாளி பெறும் பலனுக்கும் உள்ள தொடர்பு அப்போது எழுந்த கேள்விகளில் ஒன்று. 2024 டிசம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது. காத்திருந்த பெற்றோருக்கு அந்த ஆண்டுகள் எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்பதை உணர்ந்தே சொல்கிறேன்: அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதே.

'உங்கள் உடலில் எடுத்த செல்தானே, இதற்கு ஏன் மருந்துச் சட்டம்?' என்று சில சிகிச்சை மையங்கள் கேட்கின்றன. 2014-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நோயாளியின் மஜ்ஜையிலிருந்தே எடுத்து வளர்த்த செல் கலவையும் மருந்தே என்று தீர்ப்பளித்தது. குடுவையில் வாரக்கணக்கில் வளர்ந்த செல், உடலிலிருந்து எடுத்தபோது இருந்த செல் அல்ல. வழக்கமான கிருமியின்மைச் சோதனைக்கே 14 நாட்கள் ஆகும். உறையவைத்த செல்லானால் முடிவு வரும்வரை திரவ நைட்ரஜனில் காத்திருக்கலாம். உறையவைக்காத செல்லை முழு முடிவு வருமுன்பே நோயாளிக்குக் கொடுத்தாக வேண்டியிருக்கும்.

ஆகவே, இத்தகைய சிகிச்சையைப் பற்றி எழுதும் உங்கள் செய்தியாளர்கள், குணமடைந்தவரின் பேட்டியோடு, செல்கள் யாருடையவை, எத்தனையாவது பாசேஜ், எந்த ஊட்டக் கரைசல், உறைநீக்கிய பின் உயிருடன் இருந்தவை எத்தனை விழுக்காடு, வீரியத்தை எப்படி அளந்தார்கள் என்பவற்றையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்தத் தொகுதியின் பகுப்பாய்வுச் சான்றிதழிலும் தயாரிப்புப் பதிவேட்டிலும் இருக்கும். முறையாக நடக்கும் கூடத்தில் அவை ஒவ்வொரு தொகுதிக்கும் கோப்பில் இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்ட அதிக நேரம் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்